இடது கன்னத்தின் குரல்

அக்காவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய ஞானப்பல். இது எங்கள் வீட்டு நான்கு பேருக்கு மட்டும்தான் முதலில் தெரியும். பிறகு போக்குவரத்துக் கழகம் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

நகரப் பேருந்துகள் இனிமேல் பேசப்போகின்றன என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் அப்பா. அப்பா பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி பொருத்துவார்களாம், அடுத்த நிறுத்தத்தின் பெயரை அதுவே சொல்லுமாம். அதற்கு ஒரு பெண்குரல் தேடுகிறார்கள்.

"பின்னாடி அறுபது பேர் பேசறது பத்தாதுன்னு இனிமே வண்டியும் பேசும்," என்றார்.

அக்கா குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிறவள். குழாயில் தண்ணீர் வராதவர்களும் வந்த தண்ணீர் பழுப்பாக இருப்பவர்களும் காலையிலிருந்து மாலைவரை அவளைத் திட்டுவார்கள். எத்தனை திட்டினாலும் அவள் 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அப்பா முணுமுணுத்தால்கூடத் தட்டைப் பார்த்தபடி அதையே சொல்லிவிடுவாள்.

"எனக்கு அந்த வேலை வேணும்ப்பா," என்றாள் அக்கா. "பஸ்ல நான் பேசினா யாரும் திருப்பித் திட்ட முடியாதுல்ல."

அவள் எதையாவது வேணும் என்று கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மறுநாளே டிப்போவில் விசாரித்து அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

குரல் தேர்வு நடக்கவிருந்த காலையில் அக்கா எழுந்தபோது அவளுடைய இடது கன்னம் உள்ளே ஓர் எலுமிச்சம்பழத்தை ஒதுக்கி வைத்ததுபோல் இருந்தது. கடைசியில் முளைக்க வந்த பல் ஒரு வருஷமாகவே இடம் போதாமல் முனகிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்து வீங்கிவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை.

"இந்த மூஞ்சியோட போகாதடி, பயந்துடுவாங்க," என்றாள் அம்மா.

"குரலத்தானே கேக்கறாங்க. மூஞ்சியையா வண்டில மாட்டப்போறாங்க?" என்றார் அப்பா.

"பொண்ணு வலில துடிக்குது, உங்களுக்குப் பேச்சப் பாரு."

"எங்க துடிக்கறா? துடிச்சா வாயத் திறப்பால்ல."

துணைக்கு என்னை அனுப்பினார்கள். நான் வீட்டிலிருந்தபடி சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். எந்த நேரத்திலும் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து போகலாம் என்பதால் யாருக்குத் துணை வேண்டுமென்றாலும் நான்தான். போகிற இடத்தில் நான் பேசமாட்டேன் என்பதும் அவர்களுக்கு ஒரு வசதி.

போக்குவரத்துக் கழகத்தின் மூன்றாவது மாடியில், சுவர் முழுக்கப் பஞ்சுமெத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. அதன் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மேலாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் காதில் மாட்டுகிற கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர் ஒலிப்பதிவாளர். எங்களுக்கு முன்னால் போன பெண்கள் எல்லோரும் கணீரென்று பேசினார்கள். ஒவ்வொருத்தியும் நிறுத்தத்தின் பெயரைச் சொன்ன விதத்தில், அங்கே இறங்கினால் தங்கம் இலவசமாகக் கிடைக்கும்போல் இருந்தது.

அக்கா உள்ளே போனாள். பல்லோடு பல் ஒட்டியிருக்க, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, வலிக்காத இடமாகப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்தாள்.

"அடுத்த நிறுத்தம். பழைய பாலம்."

மேலாளர் பேனாவை மூடினார். "இதுதாங்க. இந்தம்மாவுக்கு அவசரமே இல்ல. வண்டி எப்படியும் போய்ச் சேரும்னு ஒரு நம்பிக்கை வருது."

"வயசு என்னங்க?" என்று கேட்டார் ஒலிப்பதிவாளர்.

"இருபத்தாறு."

"குரலுக்கு நாப்பது சொல்லலாம்."

"நல்ல நாப்பது," என்றார் மேலாளர்.

அங்கிருந்து நேராகப் பல் டாக்டரிடம் போனோம். செருப்புக்கடைக்கு மேலே இருக்கிற அறை அது. நாங்கள் போவதற்குள் அம்மா வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா அக்காவின் தாடையைப் படம் எடுத்து, அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பல்லு நிமிர்ந்து நிக்கல. படுத்துக்கிட்டு பக்கத்துப் பல்லை உதைக்குது, பாருங்க."

"சின்னவயசுல தங்கச்சிய இப்படித்தான் டாக்டர் உதைப்பா," என்றாள் அம்மா.

"இதை எடுத்துடறதுதான் நல்லது. ஆனா வீக்கம் வடிஞ்சாத்தான் எடுக்க முடியும். மாத்திரை தரேன், உப்புத்தண்ணில வாய் கொப்பளிங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். வேருக்குப் பக்கத்துலயே ஒரு நரம்பு ஓடுது. எடுக்கறப்ப அது கொஞ்சம் நசுங்கிட்டா, கீழுதடு ஒரு பக்கம் மரத்துப்போகலாம்."

"எத்தனை நாளைக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"சில பேருக்குச் சில வாரம். சில பேருக்குச் சில மாசம். ரொம்ப அபூர்வமா அப்படியே இருந்துடறதும் உண்டு."

"அப்ப பேச முடியாதா?"

"பேசலாம். ப, ம வர்ற இடத்துல கொஞ்ச நாள் தடுமாறும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பழைய பாலம், மீன் சந்தை, பெரிய பூங்கா, பொது மருத்துவமனை, மணிக்கூண்டு. எங்கள் நகரத்து நிறுத்தங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் உதட்டை நம்பியே வைத்திருக்கிறார்கள்.

அன்று மாலையே வீடு இரண்டாகப் பிரிந்தது. பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. "அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கு. படுத்துக் கிடக்கறத எதுக்கு எழுப்பறீங்க?" என்பது அப்பாவின் கட்சி. முதலில் ஒலிப்பதிவை முடித்துவிடுகிறேன், பிறகு பல்லைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லி அக்கா இரண்டு கட்சியையும் படுக்க அனுப்பினாள்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. ஒலிப்பதிவு நாளன்று கன்னம் பழையபடி சப்பையாக இருந்தது. அக்கா கண்ணாடி அறைக்குள் போய் "அடுத்த நிறுத்தம்" என்றாள். மேலாளர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் பழைய பதிவை ஒருமுறை ஓடவிட்டார். அதில் பேசியவள் நிதானமான ஒரு பெரியம்மா. உள்ளே நின்றவள் அந்தப் பெரியம்மாவின் வீட்டில் விருந்துக்கு வந்த சின்னப் பெண்.

"இன்னிக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" மேலாளர் அக்கறையாகக் கேட்டார்.

பல மாதங்களில் அன்றைக்குத்தான் அவளுக்கு உடம்பு முழுசாகச் சரியாக இருந்தது.

"ஆமாங்க," என்றாள் அக்கா.

"தேர்வன்னிக்கு எவ்வளவு நல்லா இருந்தீங்க. ஓய்வெடுத்துட்டு அடுத்த வியாழக்கிழமை வாங்க. அந்தக் குரலைக் கழகத் தலைவருக்கே போட்டுக் காட்டி ஒப்புதல் வாங்கியாச்சு. கொள்கை அளவுல இனிமே குரலை மாத்த முடியாது."

கொள்கை அளவில் என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாலும் கொள்கை அளவில் வேண்டாம் என்பார், பிறகு போட்டுக்கொள்வார்.

வீட்டுக்கு வந்து கன்னத்தை நாங்களே செய்து பார்த்தோம். பஞ்சை அடக்கினால் எச்சிலில் ஊறித் தொண்டைக்குள் போகப் பார்த்தது. வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டை வைத்தால், இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அக்கா தன்னையறியாமல் தின்றுவிட்டாள். கடைசியில் நான் தைக்கிற கோட்டுப் பொத்தான்களில் பெரியதாக ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன். குரல் ஓரளவு இறங்கியது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பல்லில் பட்டு டக், டக் என்றது.

"வண்டில இந்தச் சத்தம் கேட்டா நான் இறங்கி டயரத்தான் பாப்பேன்," என்றார் அப்பா.

அக்கா பொத்தானைத் துப்பிவிட்டு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். பாதிதான் முடிந்திருந்தது.

"இதை நிறுத்திட்டா என்ன ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மறுபடி வீங்கிடும்," என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

"ஒரே ஒரு வியாழக்கிழமைக்குத்தானம்மா," என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வீக்கத்தை வளர்த்தோம். வாய் கொப்பளிக்கிற உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. படுத்தால் இடது பக்கமாகப் படுக்க வேண்டும். மென்றால் இடது பக்கமாக மெல்ல வேண்டும். அப்பா வேலை முடிந்து வரும்போது கெட்டியான ரொட்டியாகத் தேடி வாங்கிவந்தார். தினமும் காலையில் நான் என் அளவுநாடாவைக் காது மடலிலிருந்து உதட்டோரம்வரை வைத்துப் பார்ப்பேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துச்சா?" என்பாள், ஊரிலிருந்து யாரோ வர வேண்டியிருப்பதுபோல.

"இல்லம்மா."

"நேத்து ராத்திரி லேசா வலிச்சுதுன்னாளே?"

"வலிதான் வந்திருக்கு. வீக்கம் இன்னும் வரல."

"வலி முன்னாடி வந்தா அது பின்னாடியே வந்துடும்," என்று தைரியம் சொன்னார் அப்பா.

புதன்கிழமை வீக்கம் வந்துவிட்டது. அம்மா கன்னத்தை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து, "போன தடவைய விட நல்லா இருக்குடி," என்றாள். அப்பா சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை மேலாளருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப உடம்பு தேறிட்டீங்க," என்றார். அக்காவின் நெற்றி சுட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பேருந்துப் பெட்டி எப்படிப் பேசும் என்று ஒலிப்பதிவாளர் அன்றைக்குத்தான் விளக்கினார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முழு வாக்கியம் பேச வேண்டாம். 'அடுத்த நிறுத்தம்' என்பதை ஒரே தடவை சொன்னால் போதும். பெயர்களைத் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் பெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ளும்.

"ரயில் மாதிரி. இன்ஜின் ஒண்ணுதான், பின்னாடி பெட்டிய மட்டும் மாத்தி மாத்தி மாட்டிக்கலாம்," என்றார்.

அன்று இன்ஜின்களை எல்லாம் எடுத்து முடித்தார்கள். 'அடுத்த நிறுத்தம்.' 'கதவுகள் மூடப்படுகின்றன.' 'படியில் நிற்க வேண்டாம்.' 'உள்ளே நகர்ந்து செல்லவும்.' நிறுத்தங்களின் பெயர்களுக்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆனால் சனிக்கிழமைக்குள் அக்காவுக்கு நல்ல காய்ச்சல். வாய் ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. தண்ணீரைக்கூடக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து விழுங்கினாள். அப்பா விடுப்புப் போட்டார். நாலு பேரும் செருப்புக்கடை மாடியேறினோம்.

டாக்டரம்மா விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். "மாத்திரைய முழுசா சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டா டாக்டர்," என்றாள் அம்மா. "பாதிவரைக்கும் முழுசா சாப்பிட்டா."

"ஏன் நிறுத்தினீங்க?"

அப்பா சுவரில் இருந்த பல் துலக்கும் படத்தைக் கவனமாகப் படித்தார். அம்மா கைப்பையில் எதையோ தேடினாள். அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் நான் சொன்னேன்:

"வீக்கம் வேணும்னு நிறுத்தினோம்."

டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கினார். "வீக்கம் வேணும்னு கேட்டு இதுவரைக்கும் யாரும் இந்த மாடி ஏறினதில்ல," என்றார். பிறகு குரல் மாறியது. "இது விளையாட்டு இல்லம்மா. கழுத்துக்குள்ள இறங்கிட்டா மூச்சு விடறதே கஷ்டமாயிடும். ஆஸ்பத்திரில சேக்க வேண்டியதுதான். இந்தத் தடவை மாத்திரை கடைசிவரைக்கும் போகணும். வடிஞ்சதும் பல்லை எடுத்துடலாம். எடுக்கலன்னா இந்த வீக்கம் திரும்பத் திரும்ப வரும்."

"திரும்பத் திரும்ப வருமாம்," என்று அப்பா என் காதில் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற மாதிரி இருந்தது. அம்மா அவர் முழங்கையில் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கிள்ளுவதை நிறுத்தவில்லை, வாயால் கிள்ளினாள்.

"பேருங்க மட்டும்தான பாக்கி? அதுவரைக்கும் பல்லு இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் அப்பா.

"டிப்போ பூரா சொல்லி வெச்சிருக்கீங்க, என் பொண்ணு குரல் என்கூடவே வண்டில வரும்னு. அதான உங்க கவலை?"

"ஆமா, சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"குரல் வரும். பொண்ணு வருவாளா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் மாத்திரை இருந்தது. எந்த வேளைக்கு எது என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டு வந்திருந்தார். நின்றுகொண்டே அக்காவுக்கு முதல் மாத்திரையைக் கொடுத்து, அவள் விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்தார்.

அக்கா வந்து என் தையல் மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்தா உதடு போகலாம்," என்றாள். "எடுக்கலன்னா கழுத்து போகலாம். வேலை மட்டும் ரெண்டுலயும் போயிடும்போல. வடிஞ்சுட்டா அந்தக் குரல் இல்ல. நீ என்னடி சொல்ற?"

எங்கள் வீட்டில் என்னிடம் அளவு கேட்பார்கள், கருத்துக் கேட்டதில்லை. நான் நூலை அறுத்துவிட்டுச் சொன்னேன். "அந்தக் குரல் எனக்குப் பிடிக்கலக்கா. அது நீ இல்ல."

"எனக்கும் அவ யாரோ மாதிரித்தான் இருக்கா. ஆனா எல்லாரும் அவளத்தான கேக்கறாங்க."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள், அது வலிக்காகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றாள். நானும் போனேன். அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, தேர்வன்று கன்னம் வீங்கியிருந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னது முழுக்க அந்த நாற்பது வயதுக் குரலில் இருந்ததால், மேலாளர் நடுவில் ஒரு தடவை ரசித்துத் தலையாட்டினார். விஷயம் புரிந்ததும் ஆட்டுவதை நிறுத்தினார்.

"அப்ப நாங்க தேர்ந்தெடுத்தது பல்லையா?"

ஒலிப்பதிவாளருக்குப் பிஸ்கட் புரையேறியது.

"எடுத்துட்டா அந்தக் குரல் திரும்பி வராதா?" என்று கேட்டார் மேலாளர்.

"வராதுங்க."

அவர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். "கொள்கை அளவுல அது உங்க சொந்தப் பல். எடுக்காதீங்கன்னு கழகம் சொல்ல முடியாது. எடுங்கன்னும் சொல்ல முடியாது. கூட்டத்துல வெச்சுத்தான் பேசணும்."

"என்னன்னு வெப்பீங்க?"

"பல்லுன்னுதான்."

"அதுவரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

"அது உங்க விருப்பம். ஆனா காத்திருந்தா நல்லது."

படி இறங்கும்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும் என்பதால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூக்காலேயே சிரித்தாள்.

"தண்ணி வரலன்னு கேக்கறவங்ககிட்ட நானும் இப்படித்தான்டி பேசறேன். வரும்னும் சொல்றதில்ல, வராதுன்னும் சொல்றதில்ல. அவங்க என்ன பாடுபட்டிருப்பாங்க." கீழ்ப்படிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "வா, போய்த் தேதி வாங்கிட்டு வந்துடலாம். வேலை போனா போகட்டும். என் வாய்க்கு இன்னொருத்தர் கூட்டம் போடறதுக்கு நான் உக்காந்து காத்துக்கிட்டிருக்கணுமா?"

மாத்திரை தீர்ந்து கன்னம் வடிந்த மறுநாள் பல்லை எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "கொஞ்சம் அழுத்தும். வலிக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்தும். அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' ஆறேழு தடவை வந்தது. அக்கா பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பல் இரண்டு துண்டாக ஒரு சின்ன மூடிக்குள் இருந்தது.

"இத்தனூண்டுதானா?" என்றாள் அம்மா. எதிரில் நின்று திட்டுகிற அளவுக்காவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

பஞ்சை எடுக்கிறவரை அக்கா பேசக்கூடாது. அம்மா, வலிக்குதா, பசிக்குதா, படுத்துக்கறியா என்று வரிசையாகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். மூடியை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மரத்துப்போவதற்காகப் போட்ட ஊசியின் வேகம் போன பிறகும் கீழுதட்டின் இடது மூலையில் உணர்ச்சி வரவில்லை. டாக்டரம்மா ஒரு கம்பி முனையால் மெல்லத் தொட்டுப் பார்த்து, நரம்பு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, மெதுவாகத் திரும்பும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது அந்த மூலையில் சோற்றுப்பருக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும், அவளுக்குத் தெரியாது. அப்பா தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார். அக்கா துடைத்துக்கொள்வாள். பகலில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழைய பாலம், பழைய பாலம் என்று சொல்லிப் பழகினாள். முதல் நாட்களில் அந்தப் பாலம் கொஞ்சம் வழுக்கியது. நாலைந்து நாளில் நடந்து கடக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நடுவில் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பல் விஷயம் கூட்டத்துல வந்துச்சு. முடிவாகல, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெச்சிருக்கோம். அதுவரைக்கும் பல்லை அப்படியே வெச்சிருங்க."

"அப்படியேதாங்க வெச்சிருக்கேன்," என்றாள் அக்கா, அலமாரியைப் பார்த்தபடி.

அதற்கடுத்து வந்த வியாழக்கிழமை அவள் நேரில் போய், பல்லை எடுத்தாயிற்று என்ற மிச்சத்தையும் சொன்னாள். மேலாளர் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்தார். பேசும் பேருந்துகள் வருகின்றன என்று நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது.

"இன்ஜினையெல்லாம் தலைவர்கிட்ட ஒப்புதல் வாங்கிப் பெட்டில ஏத்தியாச்சு, அதை மாத்த மறுபடி ஒப்புதல் வாங்க நேரமில்லை," என்றார் ஒலிப்பதிவாளர். "பேருங்களை மட்டும்தான் எடுக்க முடியும்."

மேலாளர் யோசித்தார். "வேற ஆள வெச்சுப் பேரை எடுத்தா ரெண்டு குரலாயிடும்."

"இவங்கள வெச்சு எடுத்தாலும் ரெண்டு குரல்தான் சார்."

"ஆனா இவங்களுக்கு அது சொந்தக் குரல். கொள்கை அளவுல ரெண்டும் ஒரே ஆள். போங்கம்மா, உள்ள போய்ப் பேருங்களச் சொல்லுங்க."

அக்கா பஞ்சுமெத்தை அறைக்குள் போய் எல்லா நிறுத்தங்களையும் தன் குரலில் சொன்னாள். வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

வெள்ளோட்டத்துக்கு அப்பாவின் வண்டியையே கேட்டு வாங்கினார்கள். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். அக்காவும் நானும் நடுவில் ஓர் இருக்கையில் உட்கார்ந்தோம், அம்மா எங்களுக்கு முன்னால். மேலாளர் உட்காரவில்லை. ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்த்தபடி நின்றார். வழக்கமான பயணிகள் வழக்கம்போல இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

'கதவுகள் மூடப்படுகின்றன,' என்றது பெட்டி.

"மூடறேன்மா, மூடறேன்," என்றார் அப்பா. "வீட்ல ஒருத்தி சொல்றது பத்தலன்னு."

வண்டி திரும்பியது. 'அடுத்த நிறுத்தம்,' என்று நிதானமாக ஆரம்பித்தாள் பெரியம்மா. 'மீன் சந்தை,' என்று சட்டென்று முடித்தாள் சின்னப் பெண்.

வண்டிக்குள் பேச்சு நின்றது. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி மேலே பார்த்தாள்.

"யாரது, ரெண்டு பேர்? பெரியவங்க ஆரம்பிக்கறாங்க, அதுக்குள்ள சின்னது முந்திக்குதே."

"மாமியார் மருமகளா இருக்கும்," என்றார் பின்னால் இருந்தவர்.

"மாமியார்னா பேரச் சொல்ல விடுவாளா? இது அம்மாவும் பொண்ணும்தான்."

"பொண்ணுக்கு என்ன அவசரமோ."

"அவளுக்கு இறங்கணும்போல, பாவம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை போய்விட்டது என்று இரண்டு பேருமே நினைத்தோம். அடுத்த வளைவு வந்தபோது வண்டியில் இருந்த அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்துக் காத்திருந்தார்கள். 'அடுத்த நிறுத்தம்.' 'பெரிய பூங்கா.' சிரிப்பு கிளம்பியது. பூங்காவில் இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் சரியாக எழுந்தார்கள். மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நடத்துனர் சொல்லி ஒருத்தரும் தலை நிமிர்ந்து பாத்ததில்ல," என்று ஒலிப்பதிவாளரிடம் சொன்னார். "இப்ப எல்லாரும் கேக்கறாங்கய்யா. அப்படியே விட்டுடலாம். தலைவர்கிட்ட நான் பேசிக்கறேன்." பிறகு அக்காவின் பக்கம் குனிந்தார். "அடுத்த தடத்துக்கும் நீங்கதாம்மா. அதுக்கு எல்லாத்தையும் உங்க குரல்லயே எடுத்துடலாம். வேற எந்தப் பல்லையும் பத்தி என்கிட்ட சொல்லாதீங்க."

அவர் நகர்ந்த பிறகு, கதவோரம் நின்றிருந்த ஒருவர் திடீரென்று வெளியே எட்டிப் பார்த்தார். "பூங்கா போயிடுச்சா? ஏம்மா, கொஞ்சம் முன்னாடி சொல்லக் கூடாதா?" என்று பெட்டியைத் திட்டினார். "உங்க ரெண்டு பேர் சண்டைல நான் இறங்க வேணாமா?"

'படியில் நிற்க வேண்டாம்,' என்றது பெட்டி.

அந்த மனிதர் நகர்ந்து உள்ளே வந்துவிட்டார். பெட்டியைத் தொடர்ந்து திட்டலாமா என்று யோசிப்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா என் தோளில் இடித்தாள்.

"நான் சிரிக்கறேனா?" என்று காதோரம் கேட்டாள். "இந்தப் பக்கம் எனக்குத் தெரியல."

நான் திரும்பி அவள் வாயைப் பார்த்தேன். "சிரிக்கறக்கா."

"இடது பக்கமும்?"

"இடது பக்கமும்தான்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்து எந்த நிறுத்தம் என்று மற்றவர்களைப் போலவே அவளும் காது கொடுத்துக் காத்திருந்தாள்.